அறுவடை வரை: விவிலியம் காட்டும் இறைப்பொறுமை



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் தளராது இயங்குவது எளிய செயலன்று. அதற்குப் புலமையைக் காட்டிலும் பொறுமை மிகுதியும் வேண்டும். அப்பொறுமையைப் பத்தாண்டுகள் கடைப்பிடித்த அவையில், 'விவிலியம் காட்டும் இறைப்பொறுமை' என்னும் தலைப்பில் பேசுமாறு பணித்துள்ளீர்கள். சமயச் சொற்பொழிவு நிகழ்த்துவது என் நோக்கமன்று. இலக்கிய மாணவி ஒரு நூலைச் சொல் சொல்லாக நின்று படிக்கும் முறையிலேயே இப்பொருளை அணுக விழைகின்றேன்.

நல்லவன் நலிகின்றான், தீயவன் செழிக்கின்றான். இக்காட்சியைக் கண்டு கலங்காத இலக்கியம் உலகில் இல்லை. பொறாமை கொண்டவனுடைய ஆக்கமும் செம்மையுடையவனின் கேடும் ஆராயத்தக்கவை என வள்ளுவர் அழுக்காறாமை அதிகாரத்தில் கூறி, விடையை நம்மிடமே விட்டுவிடுகின்றார். விவிலியத்தில் எரேமியாவும் இதே வினாவை இறைவனிடம் நேரே தொடுக்கின்றார். எழுபத்து மூன்றாம் சங்கீதத்தைப் பாடிய ஆசாப், தீயோரின் வாழ்வைக் கண்டு தம் கால்கள் சறுக்கும் நிலைக்கு வந்ததாகப் பாடுகின்றார். யோபுவின் நூல் முழுவதும் இவ்வினாவின்மேல் எழுந்த மாளிகையே ஆகும். இறைவன் நீதியுள்ளவன் எனில் ஏன் காலம் தாழ்த்துகின்றான்? அத்தாழ்ப்பு இரக்கமா, பாராமுகமா? இதுவே இன்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா.

சொல்லும் பொருளும்

முதற்கண் சொற்களை நோக்குவோம். எபிரேய மொழியில் சினத்திற்கும் மூக்கிற்கும் சொல் ஒன்றே. 'மூக்கின்மேல் கோபம்' என்று நாமும் சொல்கின்றோம் அல்லவா? சினம் மூச்சில் வெளிப்படுவதைக் கண்ட மக்கள் எல்லோர்க்கும் இது பொது. இறைவனைப் பொறுமையுள்ளவன் எனச் சொல்ல வரும் எபிரேயர், 'எரெக் அப்பாயிம்' என்பர். நேர்ப்பொருளில் இது 'நீண்ட மூக்குடையவன்' என்பதாகும். அவன் மூச்சு சூடேறி வெளிவர நெடுநேரம் ஆகும் என்பது கருத்து. யாத்திராகமம் முப்பத்து நான்காம் அதிகாரத்தில், சீனாய் மலையில் மோசேக்குத் தன்னை அறிவிக்கும் இறைவன், இத்தொடரைத் தன் இயல்புகளுள் ஒன்றாகச் சொல்கின்றான். தமிழ் மொழிபெயர்ப்பாளர் இதனை 'நீடிய சாந்தம்' என அழகுற ஆக்கினர்.

அவ்விடத்திலேயே வரும் இரக்கத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல், கருப்பை என்னும் சொல்லோடு வேர் உறவுடையது. தாய் தன் வயிற்றில் சுமந்ததன்பால் கொள்ளும் நெகிழ்ச்சியே இரக்கம் என்பது அம்மொழியின் பார்வை. நம் 'பொறை' என்னும் சொல்லை இங்கு நினைவுகூர்தல் தகும். பொறை என்பது சுமை. பொறை என்பது பொறுமை. பொறை என்பது நிலம். மகப்பேற்றைப் பொறையுயிர்த்தல் எனவும் நம் முன்னோர் வழங்கினர். பொறுத்தல் என்பது வாளாவிருத்தல் அன்று, சுமத்தல் என்பதை இரு மொழிகளும் தம் வேரிலேயே வைத்துள்ளன. சுமப்பவனுக்குப் பளு தெரியும். தீமையின் பளுவை அறியாதவனுடைய அமைதி பொறுமை ஆகாது.

களை பறிக்க வேண்டா

இனி உவமைக்கு வருவோம். மத்தேயு எழுதிய நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் இயேசு கூறும் உவமை இது. ஒருவன் தன் நிலத்தில் நல்ல விதை விதைத்தான். ஊர் உறங்கும் வேளையில் பகைவன் வந்து, கோதுமையினூடே களையை விதைத்துப் போனான். பயிர் கதிர்விட்டபோதுதான் களை தெரிந்தது. வேலையாட்கள் ஓடிவந்து, இது எங்கிருந்து வந்தது எனக் கேட்டனர். பகைவன் செய்தது என்றான் தலைவன். போய்ப் பறித்துவிடட்டுமா என்றனர். வேண்டா என்றான். களையைப் பறிக்கும்போது கோதுமையும் கூடவே வந்துவிடும். அறுவடைவரை இரண்டும் வளரட்டும். அப்போது அறுப்பவர்களிடம் பிரிக்கச் சொல்வேன் என்றான்.

உழவை அறிந்த தமிழ்ச் செவிக்கு இது வியப்பைத் தரும் கட்டளை. களையெடுக்காத உழவனை ஊர் ஏசும். கொடியோரை அரசன் கொலைத் தண்டத்தால் ஒறுப்பது, பசும்பயிரைக் காக்கக் களை பறிப்பதற்கு ஒப்பு எனச் செங்கோன்மை அதிகாரத்தின் இறுதிக் குறள் கூறுகின்றது. அதே வயல், அதே களை. ஆனால் கட்டளை மட்டும் எதிரானது. இரண்டும் முரண்படுகின்றனவா? விரைந்து விடை கூறுதல் வேண்டா. வள்ளுவர் பேசுவது ஒரு நாட்டின் அரசனுக்கு. கொலைத்தொழில் புரிந்த கொடியோரைப் பற்றி. இயேசு பேசுவது உலகம் என்னும் வயலைப் பற்றி. மனிதரை நல்லவர், தீயவர் எனப் பிரிக்கும் இறுதித் தீர்ப்பைப் பற்றி. ஒன்று செயலை ஒறுக்கும் நீதி. மற்றொன்று மனிதனையே முடித்துவிடும் தீர்ப்பு. இவ்வேறுபாட்டை மறந்தபோதெல்லாம் வரலாற்றில் என்ன நேர்ந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

தலைவனின் கட்டளைக்குக் காரணங்கள் உவமைக்குள்ளேயே உள்ளன. அவ்வயலில் விதைக்கப்பட்ட களை, கோதுமையை ஒத்த ஒரு புல் என்பர் பயிர்நூலார். கதிர் தோன்றும்வரை இரண்டிற்கும் வேறுபாடு காண்பது அரிது. அதன் மணி மாவோடு கலந்தால் உண்டவர்க்குத் தலைசுற்றல் உண்டாகும். ஆகவே அது தீங்கற்றதும் அன்று. நம் நெல்வயல்களிலும் நாற்றுப்பருவத்தில் நெல்லைப்போலவே தோன்றி ஏமாற்றும் புல்வகைகள் உண்டு. தோற்றத்தில் ஒப்புமை என்பது முதற்காரணம். வேர்கள் மண்ணுக்குள் பின்னிக் கிடக்கின்றன என்பது இரண்டாவது. தீயவன் ஒருவனைப் பிடுங்கினால் அவனைச் சார்ந்த குழந்தையும் தாயும் கூடவே பெயர்ந்து விழுகின்றனர். மூன்றாவது காரணம் ஒன்றையும் உரையாசிரியர்கள் கண்டனர். வயற்களை கோதுமை ஆவதில்லை. ஆனால் மனிதக்களை மாறக்கூடும். உவமை உவமேயத்தோடு ஒட்டாமல் பிரியும் அந்த இடமே இரக்கம் நுழையும் வாயில்.

இன்னும் ஒரு நுட்பம். இயேசு தாமே இவ்வுவமைக்கு விளக்கம் தருகின்றார். விதைப்பவர், வயல், நல்விதை, களை, பகைவன், அறுவடை, அறுப்பவர் என ஒவ்வொன்றிற்கும் பொருள் கூறுகின்றார். வயல் உலகம் என்கின்றார். அறுப்பவர் வானதூதர் என்கின்றார். ஆனால் களை பறிக்கத் துடித்த வேலையாட்கள் யார் என்று மட்டும் சொல்லவில்லை. அவ்விடம் வெறுமையாக விடப்பட்டுள்ளது. படிப்பவர் ஒவ்வொருவரும் தம்மை அங்கே வைத்துப் பார்க்கட்டும் என்பது போலும்! வேலையாட்கள் வேறு, அறுப்பவர் வேறு என்பதை மட்டும் நாம் மறத்தல் ஆகாது.

மூல மொழியில் 'வளர விடுங்கள்' எனத் தலைவன் கூறுமிடத்தில் வரும் கிரேக்க வினைச்சொல்லே, இயேசு கற்பித்த மன்றாட்டில் 'மன்னியும்' எனக் கேட்குமிடத்திலும் வருகின்றது. விடுதலும் மன்னித்தலும் அம்மொழியில் ஒரு சொல்லின் இரு பொருள்கள். 'மன்னித்து விடு' என இரண்டையும் சேர்த்தே சொல்லும் தமிழர்க்கு இது புதிதன்று.

உவமையைப் படித்தவர்கள்

இவ்வுவமையை உலகம் எவ்வாறு படித்தது? வட ஆப்பிரிக்காவில் நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பேரரசன் தியோக்கிளேசியன் ஆட்சியில் கிறித்தவர் துன்புறுத்தப்பட்டனர். அப்போது அஞ்சி மறைநூல்களைப் பகைவரிடம் ஒப்படைத்த ஆயர்களை ஏற்கலாகாது எனத் தொனாத்தியர் என்னும் பிரிவினர் பிரிந்து நின்றனர். திருச்சபை தூயோரின் கூட்டமாகவே இருத்தல் வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. களைகள் உலகில் இருக்கலாம், திருச்சபைக்குள் இருக்கலாகாது என்றனர். அதற்கு அகுஸ்தினார் இக்களை உவமையையே எடுத்துக்காட்டி, அறுவடைக்குமுன் பிரிப்பது மனிதர் வேலையன்று என்றார். கி.பி. 411இல் கார்த்தேஜ் நகரில் இரு தரப்பு ஆயர்களும் கூடி வாதிட்டபோது இவ்வுவமையும் அவ்வாதத்தில் இடம்பெற்றது.

ஆயினும் அகுஸ்தினாரின் வாழ்விலேயே ஒரு மாற்றம் நேர்ந்தது. தொடக்கத்தில் எவரையும் வற்புறுத்திச் சேர்த்தல் ஆகாது என்றவர், பின்னர் அரசின் சட்ட வலிமையைக் கொண்டு தொனாத்தியரை நெருக்குவதை ஏற்றுக்கொண்டார். 408ஆம் ஆண்டையொட்டி வின்சென்சியு என்பவருக்கு எழுதிய மடலில் இம்மாற்றத்தை அவரே விளக்குகின்றார். பிற்காலத்தில் சமயத்தின் பெயரால் வன்முறை செய்தோர் பலரும் அவருடைய இப்பகுதியையே துணைக்கு அழைத்தனர்.

பதினோராம் நூற்றாண்டில் லியேஜ் நகரின் ஆயராக 1042 முதல் 1048 வரை இருந்தவர் வாசோ. தம் மறைமாவட்டத்தில் தோன்றிய மாற்றுக்கொள்கையினரை அரசிடம் ஒப்படைக்கலாமா என ஷாலோன் நகர ஆயர் அவரிடம் கருத்துக் கேட்டார். வாசோ இக்களை உவமையைக் காட்டி மறுத்தார். இன்று களையாக இருப்பவர் நாளை கோதுமை ஆகலாம் என்பதும், ஆயர்கள் கொல்வதற்கன்று, உயிர்ப்பிப்பதற்கே திருநிலைப்படுத்தப்பட்டவர் என்பதும் அவர் விடையின் சாரம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் பேரறிஞர் தாமஸ் அக்குவினாரோ, கோதுமைக்கு இடர் நேராது எனில் களையைப் பறிக்கலாம் எனப் பொருள் கொண்டு, மாற்றுக்கொள்கையில் பிடிவாதமாய் நிற்போர்க்குக் கொலைத்தண்டம் தகும் என்றார். இருவரும் படித்தது ஒரே உவமைதான்.

1553 அக்டோபர் 27ஆம் நாள் ஜெனீவா நகருக்கு வெளியே மிக்கேல் செர்வெட்டஸ் என்னும் மருத்துவ அறிஞர், திருத்துவக் கொள்கையை மறுத்தமைக்காக உயிரோடு எரிக்கப்பட்டார். மறு ஆண்டே பாசெல் நகரில், மாற்றுக்கொள்கையினரைத் துன்புறுத்தலாமா என ஆராயும் நூலொன்று புனைபெயரில் வெளிவந்தது. அதன் பின்னிருந்தவர் செபஸ்தியான் காஸ்டெல்லியோ. அந்நூலில் களை உவமை பற்றிய முன்னோர் கருத்துகள் திரட்டி வைக்கப்பட்டன. மாசசூசெட்ஸ் குடியேற்றத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, 1636இல் பிராவிடன்ஸ் என்னும் ஊரை நிறுவிய ரோஜர் வில்லியம்ஸ், 1644இல் இலண்டனில் வெளியிட்ட நூலில் இவ்வுவமையை மிக விரிவாக ஆராய்ந்தார். வயல் உலகம் என இயேசு கூறிவிட்டபின், மனச்சான்றின்மேல் வாளை ஓங்க அரசுக்கு உரிமை ஏது என்பது அவர் வாதம். சமயச் சுதந்தரம் என இன்று நாம் போற்றும் கருத்தின் வரலாற்றில், பறிக்க வேண்டா என்ற அவ்வயல் தலைவனின் சொல்லுக்கும் ஓர் இடம் உண்டு.

துன்புற்றோரின் வினா

இதுவரை கூறியவை தீயவனுக்கு ஆறுதல் தருவன. தீமையால் அடியுண்டவனுக்கு என்ன ஆறுதல்? இவ்வினாவை ஒதுக்கிவிட்டு இறைப்பொறுமையைப் பாராட்டுவது எளிது. அது நேர்மை ஆகாது.

விவிலியம் இதனை ஒதுக்கவில்லை. யோனாவின் நூலை எடுத்துக்கொள்வோம். நினிவே அசீரியரின் மாநகரம். அந்த அசீரியரே கி.மு. 722இல் யோனாவின் நாடாகிய வட இசுரவேலை அழித்தவர்கள். அந்நகருக்குச் சென்று எச்சரிக்குமாறு ஏவப்பட்ட யோனா எதிர்த்திசையில் கப்பல் ஏறுகின்றார். அச்சத்தால் அன்று. இறைவன் நீடிய சாந்தமுள்ளவன், மனமிரங்கி மன்னித்துவிடுவான் என்பது தமக்கு முன்னரே தெரியும். அதனால்தான் ஓடினேன் என நான்காம் அதிகாரத்தில் அவரே வெளிப்படையாகக் கூறுகின்றார். இறைவனின் இரக்கத்தையே குற்றமாகச் சாட்டும் தீர்க்கதரிசி! அவருக்கு இறைவன் இட்ட மறுமொழி ஓர் ஆமணக்குச் செடி. ஒருநாள் நிழல் தந்து வாடிய செடிக்காக நீ இரங்குகின்றாயே; வலக்கை இடக்கை வேறுபாடு அறியாத ஓரிலட்சத்து இருபதினாயிரம் பேரும் கால்நடைகளும் வாழும் நகருக்கு நான் இரங்கலாகாதா என்பது அவன் வினா. வினாவோடு நூல் முடிந்துவிடுகின்றது. யோனா என்ன விடை கூறினார் என்பது எழுதப்படவில்லை.

அதே விவிலியத்தில் நாகூம் என்னும் சிறுநூலும் உண்டு. கி.மு. 612இல் வீழ்ந்த அதே நினிவேயின் அழிவை அது பாடுகின்றது. இறைவன் நீடிய சாந்தமுள்ளவன் என்னும் பழைய தொடரை அதுவும் சொல்கின்றது. ஆனால் குற்றவாளியைத் தண்டியாது விடான் என உடன் சேர்க்கின்றது. ஒரே தொடர், ஒரே நகரம், இரு நூல்கள். தொகுத்தவர்கள் ஒன்றை வைத்து மற்றொன்றை நீக்கவில்லை. இரக்கத்தை மட்டும் பேசினால் அடியுண்டவன் மறக்கப்படுவான். தீர்ப்பை மட்டும் பேசினால் குழந்தைகளும் கால்நடைகளும் மறக்கப்படும். அறுவடை உண்டு என்பதால்தான் பொறுமைக்குப் பொருள் உண்டு. அறுவடையே இல்லாத வயலில் பொறுமை என்பது தரிசு.

இவ்விடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகின்றேன். தன்னை அகழ்வாரையும் தாங்கும் நிலத்தைப்போலப் பொறுத்தல் வேண்டும் என்னும் கருத்து, நம் சமுதாயத்தில் பெரும்பாலும் யாருக்கு உபதேசிக்கப்படுகின்றது? அடிக்கும் கணவனுக்கா, அடிபடும் மனைவிக்கா? கூலி மறுக்கும் பண்ணையாருக்கா, கூலியாளுக்கா? வள்ளுவர் வெகுளாமையின் முதற்குறளிலேயே, தன் சினம் செல்லுபடியாகும் இடத்தில் அதனைக் காப்பவனே காப்பவன் என வரையறுத்துவிட்டார். செல்லாத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்பது அவர் கேள்வி. விவிலியம் பொறுமையை முதலில் இறைவனுக்கு உரியதாகச் சொல்வதன் நுட்பமும் இதுவே. அவன் ஒறுக்க வல்லவன், வல்லவனாயிருந்தும் பொறுக்கின்றான். எனவே அப்பொறுமையைப் பின்பற்றும் கடமை முதலில் அதிகாரம் உடையவர்க்கே உரியது. எளியவரின் வாயை அடைக்க அதனைப் பயன்படுத்துவது உவமையைத் தலைகீழாக்குவதாகும். வெளிப்படுத்தின நூலில், கொல்லப்பட்டோரின் ஆன்மாக்கள் பீடத்தின் கீழிருந்து, எதுவரை எனக் கூக்குரலிடுகின்றன. அக்குரலை இறைவன் அடக்கவில்லை. வெண்ணிற ஆடை அளித்துச் சிறிது காலம் இளைப்பாறச் சொல்கின்றான்.

அவ்வாறாயின் குற்றம் செய்தோரை அறுவடைவரை விட்டுவிடுவதா? இதற்கும் அகுஸ்தினாரின் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. தொனாத்தியருள் சிலர் அவர் தரப்புக் குரு ஒருவரைக் கொன்றனர். மற்றொருவரை உறுப்புச் சிதைத்தனர். குற்றத்தை ஒப்புக்கொண்ட அவர்களுக்குத் தண்டனை வழங்கும் பொறுப்பு மார்செல்லினு என்னும் அரச அலுவலரிடம் இருந்தது. அகுஸ்தினார் அவருக்கு ஒரு மடல் எழுதினார். இவர்கள் மேலும் தீங்கு செய்யாவண்ணம் தடுத்து, பயனுள்ள பணியில் ஈடுபடுத்துங்கள். ஆனால் எம்மவர் பட்ட துன்பத்திற்கு ஈடாக உயிரையோ உறுப்பையோ பறிக்க வேண்டா என்பது அவர் வேண்டுகோள். வற்புறுத்தலை ஏற்ற அதே அகுஸ்தினாரின் மறுபக்கம் இது. தீங்கைத் தடுப்பது கடமை. மனிதனைப் பிடுங்கி எறிவது நம் உரிமையன்று. செயலைத் தடுக்கும் நீதிக்கும் மனிதனை முடிக்கும் தீர்ப்புக்கும் முன்னர்க் கண்ட வேறுபாடு இங்கே நடைமுறையாகின்றது.

இன்னும் ஓராண்டு

இறுதியாக, லூக்கா நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்திலுள்ள அத்திமர உவமை. மூன்றாண்டுகள் கனியாத மரத்தை வெட்டச் சொல்கின்றான் உரிமையாளன். தோட்டக்காரன் குறுக்கிட்டு, இவ்வாண்டும் இருக்கட்டும் என மன்றாடுகின்றான். வெறுமனே மன்றாடவில்லை, சுற்றிலும் கொத்தி எரு இடுகின்றேன் என்கின்றான். அதன்பின்னும் கனியாவிட்டால் வெட்டலாம் எனவும் ஒப்புகின்றான். மரம் கனிந்ததா? உவமை சொல்லவில்லை. யோனாவின் நூல்போலவே இதுவும் முடிவின்றி நிற்கின்றது. முடிவு வருவது அந்த ஓராண்டில் நிகழும் உழைப்பைப் பொறுத்தது.

மலைப்பொழிவில், தீயோர் மேலும் நல்லோர் மேலும் கதிரவன் உதிப்பதையும், நீதியுள்ளோர் மேலும் நீதியற்றோர் மேலும் மழை பெய்வதையும் காட்டி, பகைவரை நேசியுங்கள் என்கின்றார் இயேசு. தொடர்புடையார்மாட்டுச் செல்வது அன்பு, தொடர்பு கருதாது எல்லா உயிர்மேலும் செல்வது அருள் என நம் உரையாசிரியர் பகுத்தனர். அம்மழை அருள். ஆனால் மழை பெய்தால் களையும் வளரும். அதை அறிந்தே பெய்விக்கின்றான் இறைவன். களைக்கு அஞ்சி மழையை நிறுத்தினால் முதலில் வாடுவது பயிர்தான்.

ஆகவே நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு, விவிலியத்தைப் படித்த அளவில் எனக்குத் தோன்றும் விடை இது. இறைவனின் காலத்தாழ்ப்பு பாராமுகம் அன்று. அது கொடுக்கப்பட்ட காலம். தீயவனுக்கு மாறுவதற்கும், நல்லவனுக்குத் தன்னுள்ளே இருக்கும் களையைக் காண்பதற்கும், நம் அனைவர்க்கும் அடியுண்டவரைக் காப்பதற்கும் கொடுக்கப்பட்ட காலம். அரிவாள் நம் கையில் தரப்படவில்லை. மண்வெட்டியும் எருக்கூடையும் தரப்பட்டுள்ளன. அவற்றைக் கீழே போட்டுவிட்டு அரிவாளுக்குக் கைநீட்டும்போதுதான் தீக்குண்டங்கள் மூட்டப்படுகின்றன. அவற்றைக் கீழே போட்டுவிட்டு வாளாவிருக்கும்போது பொறுமை பொய்யாகின்றது.